கை தெரிகிற போன்

என் தம்பிக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன் கடையில் இதை நான் ஏழு தடவை சொன்னேன். ஏழு தடவையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட விற்பனைக்காரர், எட்டாவது தடவை ஒரு போனை எடுத்து, "ஸ்பீக்கர் சத்தம் பாருங்க மேடம், வீடு முழுக்கக் கேக்கும்" என்றார்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர்மேல் மட்டும் கோபப்பட்டுக்கொண்டு நான் நல்லவளாகிவிட முடியாது. அன்றைக்கு அந்தக் கடையில் பெரிய தப்பைச் செய்தது அவரில்லை.

தம்பி ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறான். ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டு எடுப்பார்கள். அந்த உருளை இயந்திரத்தின் முன்னால் பதினோரு வருஷமாக நிற்பவன் இவன்தான். அந்த இரைச்சலில் மற்றவர்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒருவரைப் பார்த்து ஒருவர் கரடியாகக் கத்துவார்கள். இவனுக்கு அந்தத் தொல்லையே இல்லை. இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவான். ஒருமுறை மெக்கானிக் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் ஓடுது" என்று கிளம்பிப் போனார். மறுநாள் மதியம், தம்பி கைகாட்டிய அதே இடத்தில் சங்கிலி அறுந்தது. அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவனுக்குப் பெயர் 'டாக்டர்'.

எனக்கு நேர்மாறான பிழைப்பு. ஆஸ்பத்திரியில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து டோக்கன் எண்ணையும் பெயரையும் கூப்பிடுவது என் வேலை. காலை எட்டு மணிக்குத் திறந்த வாய் மாலை நாலு மணிக்குத்தான் மூடும். அப்போதும் மூடுவதில்லை என்பது வீட்டில் உள்ளவர்களின் புகார். கைமொழி பேசுகிறவர்கள் தங்களுக்குப் பழக்கமான ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் வைத்துக்கொள்வார்கள். தம்பி மனைவிக்குக் கன்னத்தில் குழி விழும், அதனால் கன்னத்தில் ஒரு விரலை வைத்தால் அவள். அவர்களுடைய மூன்றரை வயது மகளுக்கு, மூக்கைச் சுருக்குவது. எனக்கு வைத்திருக்கும் பெயர், வாய்க்கு முன்னால் விரல்களைச் சேர்த்துத் திறந்து திறந்து மூடுவது. வாத்து அலகு. எத்தனையோ தடவை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் வேகமாகத் திறந்து மூடுவான்.

நாங்கள் பேசிக்கொள்ளும் விதத்தையும் சொல்ல வேண்டும். அவன் கையால் பேசுவான், எனக்கு எல்லாம் புரியும். நான் வாயால் பேசுவேன், அவன் என் உதட்டைப் படித்துக்கொள்வான். சின்ன வயதில் நானும் கையால் பேசியிருக்கிறேன். அவன் உதட்டைப் படிக்கப் பழகியதும் விட்டுவிட்டேன். எனக்கு வேலை மிச்சம். அவன் வேலைக்குச் சேர்ந்தபோது மேலாளரிடம் பேசியது நான். வீடு பிடித்தபோது வீட்டுக்காரரிடம் பேசியது நான். கல்யாணப் பேச்சைக்கூட நான்தான் பேசினேன். "அக்கா மட்டும் இல்லன்னா அவன் கதி என்னம்மா?" என்று உறவுக்காரர்கள் சொல்லும்போது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும். பொய் சொல்வானேன்.

இந்த வருஷம் தம்பி மனைவிக்கு வேறு ஊரில் ஆறு மாதப் பயிற்சி கிடைத்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை கற்றுக்கொள்ள வேண்டும், முடித்தால் அங்கேயே நிரந்தர வேலைக்கும் வாய்ப்பு. மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். அவளுக்கும் காது கேட்காது, குழந்தைக்கும் கேட்காது. ஆகவே மூன்று பேருக்கும் வீடியோ கால்தான் வழி. நமக்கு அது ஒரு வசதி. அவர்களுக்குப் போன் என்றாலே அதுதான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நேரம். குழந்தை அன்றைக்குப் பார்த்த பூனையிலிருந்து கீழே விழுந்த கரண்டி வரைக்கும் அப்பாவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும்.

மூன்றாவது மாதம் தம்பியின் போன் துணிக்குப் போடும் கஞ்சித் தொட்டியில் விழுந்தது. எடுத்துத் துடைத்துக் காய வைத்ததில் உயிர் வந்துவிட்டது. ஆனால் முன் கேமராவில் படத்தின் கீழ்ப்பாதி கறுப்பு. தலை தெரியும், கழுத்து தெரியும், அதற்குக் கீழே இருட்டு. கைமொழி பேசுகிற கை நெஞ்சுக்கு முன்னால்தானே இருக்கும்? கையை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பேசிப் பார்த்தான், பாதி வார்த்தை விழுங்கப்பட்டது. போனைச் சாய்த்தால் கை தெரியும், முகம் படத்துக்கு வெளியே போய்விடும். முகமில்லாமல் ஆடும் கையைப் பார்த்துக் குழந்தை வீறிட்டு அழுததாம்.

இப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஒருநாள் தம்பி என் வீட்டுக்கு வந்து, மனைவி அனுப்பிய செய்தியை என் முகத்துக்கு நேரே நீட்டினான். 'பாப்பா கேக்குறா, அப்பாவுக்குக் கை போயிடுச்சான்னு. இப்பல்லாம் நீங்க போன்ல வந்தா பாக்க மாட்டேங்குறா. பேசாத அப்பா வேணாம்னு விளையாடப் போயிடுறா.'

அதை இரண்டு தடவை படித்தேன். "வா, இப்பவே போலாம்" என்று செருப்பை மாட்டினேன்.

எங்கள் கைக்கு எட்டிய விலையில் இரண்டு போன்கள்தான் இருந்தன. இரண்டிலும் ஒரு வில்லங்கம். ஒன்று தடித்த போன். ராட்சசப் பேட்டரி, ஒரு தடவை ஏற்றினால் இரண்டு நாள் நிற்கும். ஆனால் அதன் முன் கேமரா ஒடுக்கம். முகமும் தோளும் அடைத்துக்கொள்ளும், வேறெதற்கும் இடமில்லை. இன்னொன்று மெல்லிய போன். அதன் முன் கேமரா அகலம். நாலு பேர் தோளோடு தோள் நின்றாலும் அடங்குவார்கள், கை எவ்வளவு வேகமாக ஆடினாலும் விரல் விரலாகத் தெரியும். ஆனால் பேட்டரி நோஞ்சான். வீடியோ கால் பேசினால் அரை நாளில் மூச்சை விட்டுவிடும்.

"ஏங்க, இதையும் அதையும் ஒரே போன்ல வைக்க மாட்டாங்களா?"

"அதெல்லாம் மேல் ரகத்துல வரும் மேடம்" என்று கண்ணாடி அலமாரியைக் காட்டினார் விற்பனைக்காரர். போய்ப் பார்த்தோம். விலைச்சீட்டையும் பார்த்தோம். திரும்பி வந்தோம்.

"சாருக்கு எது தேவைன்னு சொல்லுங்க மேடம்."

தம்பி என் பக்கத்தில் மலை மாதிரி நிற்கிறான். இவர் என்னைக் கேட்கிறார்.

"அவரையே கேளுங்க."

"அவருக்குத்தான் கேக்காதே மேடம்?"

"கண்ணு தெரியும். எழுதிக் காட்டுங்க."

அவர் ஒரு துண்டுச் சீட்டைத் தேடி எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதி நீட்டினார். 'கேம் ஆடுவீங்களா?' தம்பி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை, அங்கே பார்வைக்கு வைத்திருந்த போன்களெல்லாம் கட்டிப்போட்ட கன்றுக்குட்டிகள். திருட்டுக்குப் பயந்து ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு குட்டைக் கம்பி. கையில் எடுத்து முகத்துக்கு நேரே பிடிக்கலாம், அவ்வளவுதான். தம்பிக்கு அது எப்படிப் போதும்? ஒரு கையால் போனைப் பிடித்தால் பேச ஒரு கைதான் மிச்சம். போனை எங்காவது நிறுத்தி வைத்துவிட்டு, தள்ளி நின்று, இரண்டு கையாலும் பேசிப் பார்த்தால்தான் அவனுக்கு விஷயம் தெரியும். "கீழ வச்சிட்டெல்லாம் பாக்க முடியாது மேடம், எல்லாரும் கையில பிடிச்சுத்தான் பாக்குறாங்க" என்றார் விற்பனைக்காரர்.

நான் அவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தம்பி தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டான். மெல்லிய போனின் கேமராவைத் திறந்தான். ஒரு காலி அட்டைப்பெட்டியில் அதைச் சாய்த்து, மேஜையின் ஓரம் வரை தள்ளினான். கம்பி விறைத்தது. மூன்றடி பின்னால் போய் நின்று, திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டே மகளிடம் பேசுவது போலப் பேசத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்துக் கம்பி கழன்றது.

அலாரம் என்றால் சாதாரண அலாரமில்லை, தீப்பிடித்த மாதிரி அலறியது. கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. வாசலில் நின்ற காவலாளி ஓடி வந்தார். ஒரு அம்மா தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நடுவில் என் தம்பி ஒருவன் மட்டும், எதுவும் தெரியாமல், முகமெல்லாம் சிரிப்பாக, "சாப்பிட்டியா, பூனை வந்துதா, அப்பா கை இதோ பார்" என்று காற்றில் கைகளை வீசிக்கொண்டிருந்தான். "ஊமை போலிருக்கு" என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கேட்கிற காதுக்கு இதுதான் பரிசு.

எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் திரும்பி, சுற்றி நின்ற முகங்களைப் பார்த்து, சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான். அங்கிருந்து எப்படியாவது வெளியே போனால் போதுமென்று இருந்தது எனக்கு.

"பெரிய பேட்டரி போனையே பில் போடுங்க" என்றேன்.

தம்பி என் கையைத் தொட்டான். மெல்லிய போனைக் காட்டினான். "இது. கை முழுசாத் தெரியுது."

"பேட்டரி நிக்காதுடா" என்று உதட்டை அசைத்தேன். "போன வருஷம் மறந்துபோச்சா?"

போன வருஷம் அவனைத் துணிக் கிடங்குக்குள் வைத்து, ஆள் இருப்பது தெரியாமல் பூட்டிவிட்டார்கள். கதவைத் தட்டியிருக்கிறான், கத்தியிருக்கிறான், எல்லாம் இயந்திர இரைச்சலில் கரைந்துபோயிற்று. போனில் சார்ஜ் இல்லை. நாலு மணி நேரம். நான் அனுப்பிய செய்திகள் ஒன்றும் போய்ச் சேராமல், சலவைக்கூடத்துக்கே ஓடிப்போய் ஒவ்வொரு கதவாகத் திறக்க வைத்து அவனைக் கண்டுபிடித்தேன். அந்த நாலு மணி நேரத்தில் என் உயிர் என்னிடத்தில் இல்லை. அதற்கப்புறம் எனக்கு அவன் போன் செத்துப்போகக் கூடாது, அவ்வளவுதான்.

"இதுலயும் கேமரா தெளிவாத்தான் இருக்கு. கை தெரியலன்னா ரெண்டடி பின்னாடி தள்ளி நில்லு. என்ன குறைஞ்சிடும்?"

"இடமில்லை" என்றான் தம்பி. "அப்புறம், ஃபோர்மேன்..." என்று வேறு ஏதோ ஆரம்பித்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காது கேட்கிறவரோடு சண்டை போடும்போது முகத்தைத் திருப்பினால், கோபமாக இருக்கிறோம் என்று அர்த்தம். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கலாம். தம்பியிடம் முகத்தைத் திருப்பினால் அத்தோடு அவன் பேச்சு முடிந்தது. அவன் கை என்ன சொன்னாலும் பார்க்க ஆளில்லை. இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான் திருப்பினேன்.

பில் வந்தது. பெட்டியின் ஒட்டுச்சீட்டை நானே கிழித்தேன், சிம்மையும் நானே போட்டேன். "சீல் உடைச்சா திரும்ப எடுக்க மாட்டோம் மேடம்" என்றார் விற்பனைக்காரர். "யாரு திருப்பித் தரப்போறா?" என்றேன், பெரிய மனுஷி மாதிரி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் தம்பியின் ஒற்றை அறை வீட்டுக்குப் போனேன். புதுப் போனில் குழந்தை அப்பாவின் கையைப் பார்க்கும் அழகைப் பார்க்க வேண்டுமென்று ஆசை. அவன் அறை எனக்குப் புதிதில்லை, நான் பார்த்துப் பிடித்துக் கொடுத்த அறைதான். எட்டடிக்குப் பத்தடி. அதில் கட்டில் பாதியை எடுத்துக்கொள்ளும், அலமாரி கால்வாசியை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சந்தில் ஒரு மேஜை.

சாப்பாட்டு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக் கூப்பிட்டான். திரையில் குழந்தை வந்தது. இவன் மேஜைக்கு முன்னால் நின்றான். முகம் பளிங்கு மாதிரித் தெரிந்தது, மீசையை எண்ணலாம். கை மட்டும் இல்லை. விரல் நுனிகள் கீழ் ஓரத்தில் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து மறைந்தன. ஓரடி பின்னால் போனான். மணிக்கட்டு வரை வந்தது. இன்னும் ஓரடி. முதுகு கதவில் முட்டியது. அங்கே நின்றும் பாதிக் கைதான்.

கதவைத் திறந்துகொண்டு கட்டடத்துக்குள் இருக்கும் நடையில் போய் நின்றான். இப்போது கை முழுவதும் படத்துக்குள் வந்தது. ஆனால் அந்த நடையில் ஏது வெளிச்சம்? ஆள் நிழலாகத் தெரிந்தான். கையை அசைத்தபோதெல்லாம் விரல்கள் புகை மாதிரி இழுத்துக்கொண்டு போயின. எதிர் வீட்டுக்காரர் வாளியோடு குறுக்கே நடந்து போனார். குழந்தை கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தது. பிறகு தலையைக் குனிந்து, கையிலிருந்த கரண்டியால் தரையைத் தோண்டத் தொடங்கிவிட்டது.

தம்பி உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லிச் சமாளித்திருப்பேன். கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. போன் செய்தவர்கள்மேல், கடைக்காரர்மேல், இந்த எட்டடி அறைமேல், எல்லாவற்றின்மேலும் ஆத்திரம். டப்பாவில் சாய்ந்திருந்த போனை வெடுக்கென்று எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"செல்லம், இங்க பாரு. அத்தையப் பாரு. அப்பாவுக்குக் கை இருக்குடா. இந்தப் போன்தான் சரியில்ல, புரியுதா?"

கத்தியே விட்டேன். யாருக்குக் கேட்கும் என்று கத்தினேனோ. குழந்தை கரண்டியைக் கீழே போட்டது. என் வாய் திறந்து திறந்து மூடுவதையே வைத்த கண் வாங்காமல் பார்த்தது. பிறகு தன் அம்மாவின் பக்கம் திரும்பி, வாய்க்கு முன்னால் வாத்து அலகைத் திறந்து மூடியது. அது நான். அடுத்து, ஒரு கையால் இன்னொரு கையைத் தொட்டுக் காட்டியது. கடைசியில் இரண்டையும் விரித்து, புருவத்தைத் தூக்கிக் கேட்டது.

"அத்தைக்கும் கை இல்லையா?"

தம்பி மனைவி சட்டென்று குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என் ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை, கோபத்தில் வைத்தது வைத்தபடி இடுப்பிலேயே இருந்தது. இந்தக் குழந்தை பிறந்து மூன்றரை வருஷத்தில் நான் அதனிடம் எவ்வளவோ பேசியிருக்கிறேன். ஒரு வார்த்தைகூட அதற்குப் போய்ச் சேர்ந்ததில்லை. அப்பனுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும், மூன்றரை வயதுக்குத் தெரியுமா?

போனைத் தம்பியிடம் கொடுத்து, என் பக்கம் பிடிக்கச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து, கட்டிலின்மேல் ஏறி, சுவரோடு ஒட்டி முழங்காலிட்டு உட்கார்ந்தேன். கைகளைத் தூக்கினேன். முப்பது வருஷத்துத் துரு. "அத்தைக்குக் கை இருக்கு" என்றேன். "அத்தை சோம்பேறி" என்று சொல்ல நினைத்தேன், சோம்பேறிக்கு என்ன சைகை என்று மறந்துவிட்டது. தம்பி போனைப் பிடித்த கையை அசைக்காமல், மறு கையால் காட்டிக் கொடுத்தான். அவன் காட்டியபடியே செய்தேன். "அப்பாவுக்கும் கை இருக்கு. போன் தப்பு. தப்பா வாங்கினது அத்தை." என் கையும் பாதி வெட்டுப்பட்டுத்தான் தெரிந்திருக்கும். குழந்தைக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் விளையாடப் போகவில்லை.

கால் முடிந்ததும் தம்பியைப் பார்த்துக் கையாலேயே கேட்டேன். "அப்ப பேட்டரிக்கு என்ன செய்வே?"

"வீடியோ கால்ல எந்தப் போனும் சீக்கிரம் காலியாகும்னு ஃபோர்மேன்கிட்ட வெள்ளிக்கிழமையே எழுதிக் கேட்டுட்டேன். டீ நேரத்துல அவர் மேஜையில சார்ஜ் போட்டுக்கலாம்னாரு. பூட்டுறதுக்கு முன்னாடி கிடங்குக்குள்ள லைட்டை அணைச்சு அணைச்சுப் போடவும் ஏற்பாடு பண்ணிட்டாங்க." தடித்த போனைக் காட்டினான். "கடையில சொல்ல வந்தேன்."

"நாளைக்கே போலாம்" என்று கையால் சொன்னேன்.

திங்கட்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவனோடு அதே கடைக்குப் போனேன். தடித்த போனைத் திருப்பி எடுக்க மாட்டார்கள் என்று தெரியும், அதை எனக்கே வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் நிற்கும் பேட்டரி, முகத்தை மட்டும் காட்டும் கேமரா. எனக்கென்றே செய்த மாதிரி.

அதே விற்பனைக்காரர்தான் இருந்தார். "வாங்க மேடம், சாருக்கு எது..." என்று என்னிடம் ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கையால் தம்பியைக் காட்டினேன். அவர் என்னையும் அவனையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "மேடத்துக்கும் பேச வராதா?" என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்டார். கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தம்பி மெல்லிய போனை எடுத்தான். அட்டைப்பெட்டியில் சாய்த்தான், மேஜை ஓரம் வரை தள்ளினான், என்னையும் இழுத்துக்கொண்டு மூன்றடி பின்னால் போய் நின்றான். திரையில் நாங்கள் இரண்டு பேரும் இடுப்பு வரை தெரிந்தோம். "பாப்பாவுக்கு என்ன சொல்லப்போறே? இப்பவே பழகு" என்றான். நான் தப்புத் தப்பாகக் கையை அசைத்தேன், அவன் என் விரல்களைப் பிடித்துத் திருத்தினான்.

அலாரம் அலறத் தொடங்கியது. கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தம்பி திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை.